எதை முதலில் மாற்றுவது? நெல்லை வீடுகளுக்கான அன்றாட ஆரோக்கியப் பழக்க வழிகாட்டி

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று தெரிந்த மறுநாள் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். காலை 5 மணிக்கு அலாரம் வைத்து, புதுக் காலணி மாட்டிக்கொண்டு, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கே சோற்றைக் குறைக்கிறார்கள், காபியை நிறுத்துகிறார்கள், இனி இரவுக்கு இரண்டு சப்பாத்திதான் என்று வீட்டில் அறிவிக்கிறார்கள். மாதம் முடிவதற்குள் எல்லாம் ஒன்றாகக் கைவிட்டுப் போகிறது. மன உறுதி இல்லாத ஆள் என்று சுற்றியுள்ளவர்கள் பேசுவார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் பிடித்த வரிசைதான் தவறு.

இங்கே சொல்லப்போவது அந்த வரிசையைத்தான். முதலில் இரவு, அடுத்து டம்ளர், பிறகு தட்டு, அதற்குப் பிறகே நடை. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரமாவது கொடுங்கள். முந்தையது ஓரளவு காலூன்றிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஒரு நோட்டு, தையல்காரர் வைத்திருப்பது போன்ற ஓர் அளவு நாடா, ஒரே அளவுள்ள தேக்கரண்டி, அரிசி அளக்க எப்போதும் மாறாத ஒரு டம்ளர், விரல்களை மூடும் காலணி. இவ்வளவு போதும். எடை பார்க்கும் இயந்திரம், கையில் கட்டும் டிஜிட்டல் கடிகாரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டியதில்லை.

அடுத்து மூன்று எண்கள்: ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு. முதல் இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கும் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரும்போது ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். முடிந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.

இடுப்பை அளக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் பாருங்கள். நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லைக்கோடு. ஒல்லியான கைகாலும் முன்தள்ளிய வயிறும் உள்ளவர்கள் எடையை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அதனால்தான் எடையை விட நாடாவை நம்பச் சொல்கிறேன்.

மாடி ஏறினால் நெஞ்சு இறுகுபவர்கள், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், பாதத்தில் மரத்துப்போன உணர்வோ புண்ணோ உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரிடம் பேசிவிட்டே எதையும் மாற்ற வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று: வீட்டில் சமைப்பவரின் சம்மதம். அப்பாவுக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்குத் தனிச் சமையல் என்று இரண்டு அடுப்பு எரிகிற வீட்டில் எந்தப் பழக்கமும் நிலைத்து நான் பார்த்ததில்லை. காலையில் இட்லி, மதியச் சோறு, பிள்ளைகளின் டிபன் டப்பா என்று ஏற்கெனவே நின்றுகொண்டே இருக்கும் ஒருவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றினால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? ஆகவே எதை மாற்றினாலும் பொதுப் பானையில் மாற்றுங்கள். எல்லோரும் உண்பதையே நீங்களும் உண்ணுங்கள். காய் நறுக்கும் வேலையையாவது கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

நோட்டில் நாள்தோறும் ஐந்து விவரங்கள்: தூங்கப்போன நேரம், எழுந்த நேரம், குடித்த காபி டீ எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை கரண்டி சீனி, இரவு சாப்பிட்டு முடித்த நேரம். டீக்கடையில் நின்றபடி தின்ற உளுந்த வடையையும், கடை மேசையில் பொட்டலமாகக் கிடந்து கைபோன காராசேவையும் சேர்த்து எழுத வேண்டும். உட்கார்ந்து தின்னாதது நினைவில் நிற்பதில்லை.

இந்த வாரத்தில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை. எழுதுகிறோம் என்பதற்காகவே வடையைத் தவிர்த்தால் உங்கள் உண்மையான நாள் நோட்டில் பதியாது. பிறகு எந்த இடத்தைச் சரிசெய்வது என்று எப்படித் தெரியும்? வழக்கம்போல இருங்கள், வழக்கம்போல எழுதுங்கள்.

வார முடிவில் பக்கங்களைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். ஒன்றை ஒட்டியே இன்னொன்று நடந்திருக்கும். டீ வந்தால் பிஸ்கட் வரும். தொடர் நாடகம் தொடங்கினால் மிக்சர் தட்டு வரும். இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களை அடிக்கோடிடுங்கள். புதுப் பழக்கத்தையும் இதே போல ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு சேர்த்துக் கட்டுவதுதான் இனிவரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை.

3. முதல் மூன்று வாரம்: இரவைச் சரிசெய்யுங்கள்

காலை நடை ஏன் நின்றுபோகிறது என்று கேட்டால் ‘எழுந்திருக்க முடியவில்லை’ என்பார்கள். இரவு 11 மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, 12 மணி வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் படுத்தவர் 5 மணிக்கு எழுந்தால் அது பயிற்சியாகாது, தண்டனையாகிவிடும். தூக்கம் குறைந்த மறுநாள் பசி கூடும், இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் அதிகம் தேடும். அப்படிப்பட்ட நாளில் சீனியையும் சோற்றையும் குறைக்கப் பார்த்தால் தோல்விதான் மிஞ்சும். இரவை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். தூங்கும் நேரத்தை நம்மால் கட்டாயப்படுத்த முடியாது. எழும் நேரத்தை முடியும். ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரத்தில் எழுந்தால், சில நாட்களில் தூக்கம் தானாக முன்கூட்டி வரத் தொடங்கும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். 6 மணிக்கு எழ வேண்டியவர் இரவு பதினொன்றுக்கு முன்பே படுத்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

இரவுச் சாப்பாடு படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது முடியட்டும். பத்து மணிக்குச் சாப்பிடும் குடும்பம் மறுநாளே எட்டு மணிக்கு மாற முயன்றால் வீடு முழுக்கச் சண்டைதான் வரும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள்.

டவுனில் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் கடை நடத்துபவர்களும் வேலை செய்பவர்களும் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவது எனக்குத் தெரியும். இரவு 9.30 மணிக்குக் கடையை அடைத்துவிட்டு, அம்பாசமுத்திரம் பக்கம் பஸ் பிடித்து வீடு சேர்பவர் எட்டு மணிக்கு எப்படிச் சாப்பிடுவார்? அவர்கள் சாப்பாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மாலை 7 மணி வாக்கில் கடையிலேயே மூன்று இட்லியோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கொஞ்சம் மோர்சோறும் காயும் போதும். இந்த ஏழு மணி டப்பா இல்லாததால்தான் பசி ஏறி, வழியில் பரோட்டாக் கடையின் கல் சத்தம் கேட்டதும் கால் அங்கே நிற்கிறது. பரோட்டாவை வெறுக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் மாலையில் உட்கார்ந்து மனநிறைவோடு சாப்பிடுங்கள். பதினோரு மணிப் பரோட்டாதான் கெடுதல்.

கடைசிக் காபியை மாலை 4 மணிக்கு முன் முடித்துவிடுங்கள். குடித்த காஃபின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். ஏழு மணிக் காபி நள்ளிரவு வரை வேலை செய்கிறது.

கைப்பேசியைப் படுக்கும் அறையில் சார்ஜ் போடாதீர்கள். பட்டாசாலையிலோ சமையலறையிலோ போடுங்கள். அலாரத்துக்கு ஒரு சிறு கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். கையெட்டும் தூரத்தில் இருக்கும் கைப்பேசியைத் தொடாமல் இருப்பது எல்லோருக்கும் கடினம். இடத்தை மாற்றிவிட்டால் அந்தப் போராட்டமே இல்லை.

சித்திரை, வைகாசி வெக்கையில் தூக்கம் வராது என்பது உண்மைதான். கான்கிரீட் கூரை பகலில் உறிஞ்சிய சூட்டை இரவில் இறக்கும். மாலையில் மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்பது, படுக்கும் முன் குளிப்பது, மெத்தையை விட்டுப் பத்தமடைக் கோரைப்பாயில் படுப்பது மூன்றும் நன்றாகப் பலன் தரும். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி செய்யும் செவிலியர்கள், காவலாளிகள் இந்த நேரங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பகலில் இருட்டறையில் தடையில்லாத ஒரே தூக்கம் என்பதே அவர்களுக்கான முதல் இலக்கு.

4. நான்காவது வாரம் முதல்: டம்ளரில் இருக்கும் சீனி

இரவு ஓரளவு அடங்கியபின் நோட்டில் சீனிக் கணக்கைக் கூட்டுங்கள். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். ஒரு நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 32 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அல்வா, லட்டு எதையும் தொடாமலே, வெறும் காபியில் அதைத் தாண்டிவிட்டோம்.

சட்டென்று சீனியை நிறுத்தாதீர்கள். நாக்கு அதை ஏற்காது. வாரத்துக்கு ஒரு முறை அரைக் கரண்டி குறையுங்கள். ஒவ்வொரு வாரமும் புதிய அளவுக்கு நாக்கு பழகிவிடும். மூன்று வாரத்தில் இரண்டு கரண்டி அரைக் கரண்டியாகிவிடும். அதன் பிறகு பழைய அளவில் யாராவது காபி கொடுத்தால் திகட்டுவதை நீங்களே உணர்வீர்கள்.

வீட்டில் மொத்தமாகச் சீனி போட்டுக் கலக்கும் வழக்கத்தை விட வேண்டும். டிகாக்‌ஷனையும் பாலையும் கலந்து வைத்துவிட்டு, சீனி டப்பாவைத் தனியாக வையுங்கள். அவரவர் அளவு அவரவர் கையில். டீக்கடையில் ‘சீனி கம்மியாக’ என்று சொல்லிப் பழகுங்கள். தினமும் போகும் கடையில் இரண்டு மூன்று நாள் சொன்னால், நான்காம் நாள் மாஸ்டர் கேட்காமலே அப்படிப் போட்டுத் தருவார்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தடுமாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று நம்பி, சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபி குடிக்கிறார்கள், அதுவும் தாராளமாக. கருப்பட்டியில் சில தாதுக்கள் உண்டு, மணம் உண்டு, நம் மண்ணின் ருசி உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் அது சர்க்கரையாகவே ஏறும். தேனுக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் இதே விதி. கருப்பட்டி உங்களுக்குப் பிடித்தால் அதையும் அளந்து போடுங்கள், குறைத்துக்கொண்டே வாருங்கள். கோடையில் பதநீரும் அப்படித்தான். இனிப்பு நிறைந்த பானம் அது. தாகத்துக்குத் தண்ணீரும் நீர்மோரும் நுங்கும் இருக்கின்றன.

டீயோடு ஒட்டிய வடையையும் பிஸ்கட்டையும் பிரிக்க எளிய வழி, அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது. அவித்த வேர்க்கடலை, பொரிகடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு, எப்போதும் கிடைக்கும் நாட்டு வாழைப்பழம். வெறுமையாக விட்டால் பழைய பண்டம் திரும்பி வந்துவிடும்.

5. ஏழாவது வாரம் முதல்: தட்டு

சோற்றை நிறுத்தச் சொல்லி யாராவது தொடங்கினால் அவர்களிடம் கேட்காதீர்கள். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் ஊரில், மூன்று தலைமுறையாகச் சோறு உண்ட வயிறு ஒரே நாளில் கோதுமைக்கு மாறாது. சப்பாத்தியும் மாவுச்சத்துதான். நான்கு சப்பாத்தி தின்றுவிட்டுச் சோற்றைத் தவிர்த்ததாக எண்ணிக்கொள்வது பலரிடம் நான் பார்க்கும் பிழை. மாற்ற வேண்டியது சோற்றுக்கும் காய்க்கும் உள்ள விகிதம்.

நாள் ஒன்றுக்கு ஒருவருக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். நம்மில் பலர் அதில் பாதிகூட வாங்குவதில்லை. ஆகவே இந்தப் படி சமையலறையில் தொடங்காது, சந்தையில் தொடங்கும். மகாராஜநகர் உழவர் சந்தையிலோ உங்கள் ஊர் வாரச் சந்தையிலோ வாங்கும் அளவை முதலில் கூட்டுங்கள். வீட்டில் காய் இருந்தால்தான் தட்டில் காய் இருக்கும். கிழங்கும் வாழைக்காயும் மட்டும் வாங்கிவிட்டுக் காய் வாங்கியதாகக் கணக்கிட வேண்டாம், அவையும் மாவுச்சத்தே. புடலை, பீர்க்கு, அவரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை ஆகியவை பையின் பெரும்பகுதியை நிரப்பட்டும்.

பரிமாறும் வரிசையை மாற்றுங்கள். முதலில் காய், பிறகு சோறு. தட்டில் பாதியைக் காய் பிடித்துக்கொண்ட பிறகு சோற்றுக்கு மிஞ்சும் இடம் தானாகக் குறையும். பானையில் போடும் அரிசியையும் அந்த மாறாத டம்ளரால் அளந்து, வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். வடித்த சோறு மிஞ்சினால் வீணாக்க மனமில்லாமல் நாம் சாப்பிட்டுவிடுவோம், அதனால்தான் பானையிலேயே குறைக்கச் சொல்கிறேன்.

நம் சமையலிலேயே இதற்கு வழி இருக்கிறது. பருப்பும் காய்களும் கீரையும் சேர்த்துப் பொங்கும் கூட்டாஞ்சோறு ஒரு முழுச் சாப்பாடு. காயைக் கூட்டி அரிசியைக் குறைத்துச் செய்யலாம். அவியலும் கீரைக்கடைசலும் வாரத்தில் பல நாள் வரலாம். உளுந்தங்களி சத்துள்ளது, ஆனால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கணிசமாகச் சேர்வதால் அளவு பார்த்து உண்ண வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்த சொதி, மறுவீட்டு விருந்தில் வரும்போது விருந்தாகவே சாப்பிடுங்கள். அதை வாராவாரம் செய்வதாக இருந்தால் பாலைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள்.

உப்பைப் பற்றியும் இதே கட்டத்தில் யோசிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். குழம்பில் போடுவது மட்டும் கணக்கில்லை. ஊறுகாய், மோர்மிளகாய், வற்றல், கல்லிடைக்குறிச்சி அப்பளம், கருவாடு எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. ஒரே வேளையில் இவற்றில் ஒன்றுக்கு மேல் தட்டில் வராமல் பார்த்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற வழி. பொட்டாசியம் கலந்த ‘குறைந்த சோடிய’ உப்பைச் சிறுநீரக நோயாளிகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

6. பத்தாவது வாரம் முதல்: நடையும் எழுந்து நிற்பதும்

இப்போது தூக்கம் சீராகியிருக்கும், இரவு வயிறு இலேசாக இருக்கும், காலையில் விழிப்பு தானாக வரும். நடையைத் தொடங்க இதுதான் நேரம்.

முதல் வாரம் சாப்பிட்டபின் 10 நிமிடம் மட்டும் நடங்கள். காலையோ மதியமோ இரவோ, ஏதாவது இரண்டு வேளை. உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எரிபொருளாக இழுத்துக்கொள்வதால் அந்தச் சிறு நடைக்கும் பலன் உண்டு. சாப்பாடு தினமும் தவறாது என்பதால், அதோடு கட்டிய நடையும் தவறாது. வேகம் வேண்டாம்.

இரண்டாம் வாரத்திலிருந்து காலையிலோ மாலையிலோ ஒரு தனி நடையைச் சேருங்கள். இலக்கு வாரத்துக்கு 150 நிமிடம்: வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் நிற்காது. தெருமுனையில் ஒருவர் காத்திருக்கிறார் என்றால் போர்வையை விலக்கிவிடுவோம்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மே மாதத்தில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாட்களுக்கு முன்கூட்டியே மாற்று இடம் முடிவு செய்யுங்கள். தார்சாவில் முன்னும் பின்னும் நடக்கலாம், மாடிப்படி ஏறி இறங்கலாம். மழை பெய்யத் தொடங்கிய பிறகு யோசித்தால் அன்று நடை கிடையாது.

நடை முடிந்ததும் கூட்டமாக டீக்கடைக்குப் போய் ஆளுக்கொரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடும் வழக்கம் எல்லா மைதானங்களின் வாசலிலும் இருக்கிறது. அரைமணி நடையில் செலவான சக்தியை அது முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடும். நண்பர்கள் முக்கியம், அந்தப் பேச்சும் முக்கியம். டீயை மட்டும் வைத்துக்கொண்டு வடையை விடுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நடக்கும்போது சட்டைப்பையில் குளுக்கோஸோ சீனிப் பொட்டலமோ வைத்திருக்க வேண்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நின்று மூன்று நான்கு கரண்டி சீனி சாப்பிடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் சாப்பிட்டுவிட்டு உதவி கேளுங்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகும் நேர்ச்சை இருந்தால் முருகனிடம் மனதார வேண்டிக்கொண்டு காலணியோடு போங்கள். மரத்த பாதத்தில் தார்ச்சாலை சுட்ட கொப்புளம் வலிக்காது, வலிக்காததாலேயே புண்ணாகிவிடும்.

நடையைப் பற்றிப் பேசுபவர்கள் பீடி சுற்றும் பெண்களை மறந்துவிடுகிறார்கள். முக்கூடல், மேலப்பாளையம், இன்னும் எத்தனையோ ஊர்களில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த கழுத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு முடித்தால்தான் கூலி. அவர்களிடம் போய்த் தினமும் அரைமணி மைதானத்தில் நடங்கள் என்று சொல்வது மனசாட்சியற்ற அறிவுரை. அவர்களுக்கான பழக்கத்தைக் கட்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் கட்டு முடிந்ததும், அல்லது அரைமணிக்கு ஒருமுறை, சுளகை இறக்கிவைத்து எழுந்து நில்லுங்கள். தோள்களைப் பின்னால் சுழற்றுங்கள், கழுத்தை இருபுறமும் மெல்லச் சாயுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வாசல் வரை போய் வாருங்கள். தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைக்காமல் தள்ளி வைத்தால் எழுந்தே ஆக வேண்டும். தூசு படாதபடி மூக்கைத் துணியால் மூடி, காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். தையல் மெஷினில் இருப்பவர்களுக்கும், கல்லாவில் உட்காருபவர்களுக்கும் எழுந்து நிற்கும் விதி பொருந்தும்.

நடை பழகியபின் வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதும், சுவரில் கைவைத்துத் தள்ளுவதும் வயதானவர்களுக்குக்கூடப் போதுமான தொடக்கம்.

7. வரிசைக்குக் காத்திருக்கக் கூடாத ஒன்று

புகையிலை எந்த வடிவில் இருந்தாலும், பீடியோ சிகரெட்டோ வெற்றிலையோடு சேர்ந்ததோ, அதை நிறுத்துவதை முதல் நாளே தொடங்கலாம். தனியாகப் போராட வேண்டியதில்லை. 1800 11 2356 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணில் வழிகாட்டுவார்கள். அரசு மருத்துவமனைகளிலும் கேளுங்கள். தினமும் நிறைய மது குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம். அவருக்கு மருத்துவர் துணை கட்டாயம் தேவை.

8. பழக்கம் அறுபடும் நாட்களுக்கு முன்கூட்டியே முடிவெடுங்கள்

ஊரில் கோயில் கொடை வரும். ஆனித் தேரோட்டம் வரும். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு உறவினர்கள் வருவார்கள், வருபவர்களோடு அல்வாவும் வரும். இவற்றையெல்லாம் தவிர்த்து வாழச் சொல்லும் வழிகாட்டி நெல்லைக்கு உதவாது.

அந்த நாட்களில் எதை விடுவது, எதை விடாமல் இருப்பது என்று முதல்நாளே நோட்டில் எழுதிவிடுங்கள். ‘கொடை மூன்று நாளும் சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை, சாப்பிட்டபின் 10 நிமிட நடை மட்டும் உண்டு’ என்பது நல்ல முடிவு. அல்வா வந்தால் பொட்டலத்தோடு கையில் எடுக்காமல், ஒரு சிறு துண்டைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து ருசித்துச் சாப்பிடுங்கள். மீதியை அன்றே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ‘அத்தை, இன்னும் கொஞ்சம்’ என்று தட்டில் வைப்பவர்களிடம் ‘டாக்டர் சொல்லியிருக்கிறார்’ என்றால் விவாதம் வளரும். ‘நன்றாக இருந்தது, வயிறு நிறைந்துவிட்டது’ என்றால் அதோடு முடிந்துவிடும்.

ஒருநாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே 21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னதை நம்பி, 22ஆம் நாள் கடினமாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். நான் சொல்லும் மூன்று வாரம் ஒரு படி காலூன்றுவதற்கு மட்டும்தான். வேர்விட இன்னும் நாள் பிடிக்கும். ஒருநாள் விடலாம், அடுத்த நாளும் சேர்த்து விடக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

9. மூன்று மாதம் கழித்து அளவெடுங்கள்

நான்கு படிகளும் முடியும்போது பன்னிரண்டு வாரம் ஆகியிருக்கும். ஹெச்பிஏ1சி ஏறத்தாழ இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையைக் காட்டுவதால், அதைத் திரும்பப் பார்க்க இதுவே சரியான சமயம். முந்தைய வாரம் மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண் வாங்க முயல்பவர்கள் உண்டு; வெறும் வயிற்றுச் சர்க்கரை அதற்கு ஏமாறலாம், ஹெச்பிஏ1சி எளிதில் ஏமாறாது. ரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின், முதுகைச் சாய்த்து, கையை இதய உயரத்தில் வைத்துப் பாருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை. இடுப்பை அதே நாடாவால், அதே இடத்தில் அளந்து எழுதுங்கள்.

எண்கள் இறங்கியிருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த இறக்கத்தில் மாத்திரையின் பங்கும் இருக்கிறது. எண்கள் அசையவே இல்லை என்றாலும் ஐந்தாவதாகப் புதிய ஒன்றைத் தேடி ஓட வேண்டாம். நோட்டைத் திறந்து, நான்கில் எது பெயரளவில் மட்டும் நடந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது இரவுச் சாப்பாட்டு நேரமாகத்தான் இருக்கும். அதை மட்டும் மறுபடி மூன்று வாரம் செய்யுங்கள். பிறகு நோட்டையும் அறிக்கைகளையும் சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்தைக் குறைக்கலாமா கூட்டலாமா என்பதை, நீங்கள் எப்போது தூங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்ற அந்தப் பக்கங்களை வைத்து அவர் முடிவு செய்வார்.